டிரைவரோடு நின்றுவிடும் வழக்கு: வேலையிட வாகன மரணங்களில் குற்றக் கவனக்குறைவை நிரூபிப்பது

“வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து…” தமிழ்நாட்டில் வாகன விபத்துக்குப் போடப்படும் எஃப்.ஐ.ஆர்-களில் இந்த வரி இல்லாதது அபூர்வம். ஆலை வளாகத்துக்குள் டிப்பர் லாரி ரிவர்ஸ் வந்து, பின்னால் நின்ற தொழிலாளியை நசுக்கியிருந்தாலும் அதே வரிதான் எழுதப்படுகிறது. ஆள் நடக்கும் வேகத்தில்தான் அந்த வண்டி வந்திருக்கும். சில வருடம் கழித்து குறுக்கு விசாரணையில், “என்ன வேகத்தில் வந்தது?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்போது சாட்சியிடம் பதில் இருக்காது. வழக்கு அந்த இடத்தில் சரிகிறது.

அப்படிச் சரிவதும் டிரைவர் மீதான வழக்கு மட்டும்தான். ரிவர்ஸ் அலாரம் வேலை செய்யவில்லை என்று தெரிந்தும் வண்டியை எடுக்கச் சொன்ன சூப்பர்வைசர், கிளீனர் சம்பளத்தை மிச்சம் பிடித்த வண்டி உரிமையாளர், ஆள் நடக்கும் வழியையும் லாரி வரும் வழியையும் ஒன்றாகவே விட்டுவைத்த மேலாளர் ஆகியோரில் ஒருவர் பெயரும் குற்றப்பத்திரிகையில் இருக்காது.

வண்டி மோதியது இரண்டு நொடி. கவனக்குறைவு நடந்தது அதற்கு முந்தைய பல மாதங்களில். நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியது அந்த மாதங்களை. அதற்கான காகிதங்களும் பதிவுகளும் முதல் 10 நாளில் காணாமல் போய்விடும் என்பதால், கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி அந்த 10 நாளைப் பற்றியது.

எந்தப் பிரிவு, ஏன் அது முக்கியம்

2024 ஜூலை 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ நடந்த விபத்து என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-ஆம் பிரிவு: கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், 5 ஆண்டு வரை சிறை. அதற்கு முன் நடந்தது என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ, 2 ஆண்டு வரை. இரண்டும் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். விபத்தைத் தெரிவிக்காமல் ஓடிவிடும் டிரைவருக்கு 10 ஆண்டு என்று சொல்லும் 106(2) நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. அதை நம்பி மனு எழுத வேண்டாம்.

பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்-களில் 281-ஆம் பிரிவையும் சேர்த்திருப்பார்கள். அது பொதுவழியில் ஆபத்தாக வண்டி ஓட்டுவது பற்றிய பிரிவு. சம்பவம் ஆலைக்குள்ளோ, குடோனுக்குள்ளோ, கட்டுமான இடத்திலோ என்றால் “இது பொதுவழியே இல்லை” என்ற வாதம் நிச்சயம் வரும். 106(1)-க்கு பொதுவழி தேவையில்லை. அதனால் வளாகத்துக்குள் நடந்த மரணத்தில் 106(1)-ஐ மையமாக வைத்தே புகார் இருக்க வேண்டும். இன்னொரு சிக்கல் ஃபோர்க்லிஃப்ட். ஆலை வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட வண்டி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28)-ஆம் பிரிவுப்படி மோட்டார் வாகனமே ஆகாது. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) அதைப் பார்க்க வேண்டுமா என்ற குழப்பத்திலேயே நாள் போகும். அப்படிப்பட்ட வண்டியை இயந்திரப் பொறியாளர் அல்லது தடயவியல் நிபுணரைக் கொண்டு ஆய்வு செய்யும்படி முதல் நாளே எழுத்தில் கேட்க வேண்டும்.

நியாய சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்தல், எப்போது பொருந்தும்? மரணம் நேரக்கூடும் என்ற அறிவு இருந்ததற்கு ஆதாரம் இருந்தால். மும்பை பாந்த்ராவில் 2006 நவம்பரில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மீது கார் ஏறி 7 பேர் இறந்த அலிஸ்டர் பெரேரா வழக்கில், பழைய 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதிப்படி தண்டித்ததை 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. “பிரேக் பிடிக்கவில்லை” என்று காலையில் டிரைவர் சொன்னதும், “ஒரு டிரிப் போய்ட்டு வா, அப்புறம் பார்க்கலாம்” என்று பதில் வந்ததும் கையில் இருந்தால் இந்தப் பிரிவைக் கேட்கலாம். கேட்பதால் ஒரு நடைமுறைப் பலனும் உண்டு. 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் குழு சம்பவ இடத்துக்கு வருவதை, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 176(3) கட்டாயமாக்கத் தொடங்கியிருக்கிறது. 106(1) அந்த வரம்புக்குள் வராது, 105 வரும். ஆனால் ஆதாரம் இல்லாமல் 105 கேட்டால் உயர் நீதிமன்றத்தில் அது நிற்காது. கேட்டவர்களின் நம்பகத்தன்மையும் அதோடு போய்விடும்.

மூன்று தீர்ப்புகள், எதிர்த்தரப்பின் மூன்று கேள்விகள்

முதலாளியை எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, சேர்க்க நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது குர்பான் ஹுசைன் வழக்கு (ஏ.ஐ.ஆர். 1965 உச்ச நீதிமன்றம்). மும்பையில் ஒரு பெயின்ட் தொழிற்கூடத்தில் தீப்பிடித்து 7 தொழிலாளர்கள் இறந்தார்கள். உரிம நிபந்தனையை மீறி, எரியும் பொருள் இருந்த அறையிலேயே பர்னர்களை எரிய விட்டிருந்தார் பங்குதாரரான மேலாளர். ஆனாலும் 304-ஏ குற்றத்திலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். சூடான தாரில் டர்பன்டைனை அவசரமாக ஊற்றிய தொழிலாளியின் செயல்தான் மரணத்துக்கு நேரடிக் காரணம் என்றது நீதிமன்றம். விதியை மீறினார் என்று காட்டினால் போதாது, மீறலுக்கும் மரணத்துக்கும் நடுவில் வேறொருவரின் தனிக் கவனக்குறைவு நுழையவில்லை என்று காட்ட வேண்டும்.

சுலைமான் ரஹிமான் முலானி வழக்கில் (1968) ஓட்டியவரிடம் பழகுநர் உரிமம்தான் இருந்தது. லைசென்ஸ் இல்லை என்பதால் மட்டும் கவனக்குறைவு நிரூபணமாகிவிடாது என்று சொல்லி விடுவித்தார்கள். எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிந்த வண்டி, பெர்மிட் இல்லாத வண்டி எல்லாவற்றுக்கும் இதே கேள்வி வரும்: அந்தக் குறைதான் உயிரை எடுத்ததா?

மூன்றாவது, கர்நாடக அரசு எதிர் சதீஷ் (1998). லாரி கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். சாட்சிகள் “அதிவேகம்” என்றார்கள். எது அதிவேகம் என்று யாரும் சொல்லவில்லை. வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை கோப்பில் இல்லை, அவரைச் சாட்சியாகவும் விசாரிக்கவில்லை. விடுதலை. 15 உயிர்கள் போன வழக்கு, ஒரு அறிக்கையும் ஒரு சாட்சியும் இல்லாமல் முடிந்தது.

இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் “இப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு” என்ற அளவு போதும். குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும், அதிலும் சாதாரணத் தவறாக இல்லாமல் பெரும் கவனக்குறைவாக இருக்க வேண்டும். “விபத்து நடந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி” என்ற வாதத்தை 2022-இல் நஞ்சுண்டப்பா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நிபுணர் ஆதாரத்தைத்தான் எதிர்பார்த்தது.

ஆஸ்பத்திரியில் சொல்லப்படும் முதல் வாக்கியம்

எஃப்.ஐ.ஆருக்கும் முந்தைய ஆவணம் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்). அடிபட்டவரைக் கொண்டுவந்தது யார், எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி நடந்ததாகச் சொன்னார் என்று பணியில் இருக்கும் டாக்டர் அதில் எழுதுவார். கொண்டுவருபவர் பெரும்பாலும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு ஆளோ செக்யூரிட்டியோதான். “பைக்கில் போகும்போது கேட்டுக்கு வெளியே விழுந்துட்டார்” என்று அவர் சொல்லிவிட்டால், வேலையிட மரணம் சாலை விபத்தாக மாறிவிடும். அதன் பிறகு ஆலை ஆய்வாளர் வரமாட்டார், வளாகத்துக்குள் மகஜர் (சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் பதிவு) போடமாட்டார்கள்.

இதை உடைப்பது 108 ஆம்புலன்ஸ் பதிவு. அழைப்பு வந்த நேரம், அழைத்த எண், வண்டி எந்த இடத்திலிருந்து ஆளை ஏற்றியது எல்லாம் அதில் இருக்கும். நிறுவனத்தின் சொந்த காரில் கொண்டுபோயிருந்தால் கேட் பதிவேட்டில் அந்தக் கார் வெளியேறிய நேரம் இருக்கும். இறந்தவர் உடுப்பில் இருக்கும் சிமென்ட், ஆயில், கிரஷர் தூசி, பிரேதப் பரிசோதனைக் குறிப்பில் வரும் டயர் பட்டன் அச்சு, இவையும் இடத்தைச் சொல்லும். உடுப்பைக் குடும்பத்திடம் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதைத் துவைக்காமல், காகிதப் பையில் மாற்றிவைத்து, விசாரணை அதிகாரியிடம் மகஜர் எழுதி ஒப்படைக்க வேண்டும்.

அடுத்தது புகார். நிறுவனத்தின் ஆள் புகார் கொடுத்தால் அதில் டிரைவர் பெயர் மட்டும் இருக்கும், சில சமயம் “இறந்தவர் கவனிக்காமல் குறுக்கே வந்தார்” என்றும் இருக்கும். ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது எஃப்.ஐ.ஆர். பொதுவாகக் கிடையாது என்பதால் முதல் புகாரை யார் தருகிறார் என்பதே வழக்கின் திசையைத் தீர்மானிக்கும். குடும்பத்தவரோ சக தொழிலாளியோ கொடுப்பது நல்லது. எதிரி பற்றிய இடத்தில் “டிரைவர், வாகன உரிமையாளர், போக்குவரத்து ஒப்பந்ததாரர், சம்பவ இடப் பொறுப்பாளர் மற்றும் விசாரணையில் தெரியவரும் பிறர்” என்று எழுதுங்கள். நிறுவனம் முந்திக்கொண்டுவிட்டால், தன் தரப்பை விரிவாக எழுதி, கூடுதல் வாக்குமூலமாகப் பதியும்படி பதிவு வசதியுள்ள ஸ்பீடு போஸ்ட்டில் காவல் நிலையத்துக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்த வேண்டும். நிலையத்தில் புகாரையே வாங்க மறுத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-ஆம் பிரிவுப்படி கண்காணிப்பாளர், பிறகு நீதித்துறை நடுவர்.

இடமும் வண்டியும்

பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் பல வழக்குகளில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். “கிழக்கே கேட், மேற்கே குடோன், நடுவில் சம்பவ இடம்.” இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அளவுகள் நகராத பொருளிலிருந்து எடுக்கப்பட வேண்டும்: கேட் தூண், மின்கம்பம், குடோன் மூலை. குறைந்தது இரண்டு நிலைப்புள்ளிகளிலிருந்து, உடல் கிடந்த இடம், வண்டியின் நான்கு சக்கரங்கள், ரத்தக்கறை, செருப்பு கிடந்த இடம் எல்லாவற்றுக்கும் மீட்டரில் தூரம். வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எந்த விளக்கு எரியவில்லை, தரையில் ஆள் நடக்கும் கோடு இருந்ததா, வேகப் பலகை இருந்ததா. இரவு 8 மணிக்கு நடந்த விபத்துக்குக் காலை 10 மணிக்கு மட்டும் மகஜர் எழுதினால் வெளிச்சம் பற்றிய ஆதாரமே இருக்காது. அதே நேரத்தில் இன்னொரு முறை போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ரிவர்ஸ் விபத்துகளில் மிகவும் பயன்படும் ஒரு சோதனை உண்டு. செலவு ஏதும் இல்லை. அதே வண்டியை அதே இடத்தில் நிறுத்தி, டிரைவர் சீட்டில் ஒருவரை உட்கார வைக்க வேண்டும். வண்டியின் பின்பக்கத்திலிருந்து 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் என்று சாலைக் கூம்புகளை வைத்துக்கொண்டே போக வேண்டும். இடது கண்ணாடி, வலது கண்ணாடி இரண்டிலும் எந்தக் கூம்பு முதலில் தெரிகிறது என்று குறிக்க வேண்டும். பிறகு கூம்பின் இடத்தில் இறந்தவரின் உயரமுள்ள ஆளை நிறுத்திப் பார்க்க வேண்டும். டிப்பரின் பெட்டி முழுக்க மறைப்பதால் நேர் பின்னால் நிற்பவர் எந்தக் கண்ணாடியிலும் விழமாட்டார். இதை விசாரணை அதிகாரி முன்னிலையில் வீடியோ எடுத்துவிட்டால் கேள்வி டிரைவரைத் தாண்டிவிடும்: பின்னால் பார்க்கவே முடியாத வண்டியை, சைகை காட்ட ஆள் இல்லாமல், ஆட்கள் நடமாடும் இடத்தில் ரிவர்ஸ் எடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது யார்? குர்பான் ஹுசைன் தீர்ப்பு எழுப்பும் தடையைத் தாண்ட இந்த ஆதாரம் பெரிதும் உதவும்.

பிரேக் இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் வழக்கமாக வரும் கடைசி வரி, “விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல.” இந்த ஒரு வரி டிரைவரைச் சிக்கவைத்து உரிமையாளரை விடுவித்துவிடுகிறது. ஆகவே அவர் வரும் முன்பே, என்னென்ன பார்க்க வேண்டும் என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு டயரின் பட்டன் ஆழமும் மில்லிமீட்டரில் (கார், வேன், லாரி, பஸ்ஸுக்கு விதிப்படி குறைந்தது 1.6 மி.மீ.). ஏர் பிரேக் வண்டியில் டேங்க் அழுத்தம் எவ்வளவு, பெடலை மிதித்துப் பிடித்தால் எவ்வளவு இறங்குகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் லைனிங் மீதம் எவ்வளவு, ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) எந்த நிலையில். ரிவர்ஸ் விளக்கு, அலாரம் வேலை செய்கிறதா, ஒயர் எப்போதோ பிடுங்கப்பட்டு முனை துருப்பிடித்திருக்கிறதா. துருப்பிடித்த ஒயர் முனையின் நெருக்கமான படம் ஒன்று, அந்த அலாரம் விபத்தில் உடையவில்லை, மாதக்கணக்கில் ஊமையாக இருந்தது என்று சொல்லிவிடும்.

வண்டியை நீதிமன்றம் சீக்கிரம் விடுவித்துவிடும். நிலைய வாசலில் வண்டிகள் வருடக்கணக்கில் துருப்பிடிக்கக் கூடாது என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றமே வழி சொல்லியிருக்கிறது. விடுவிப்பதைத் தடுக்க முயல்வதில் பயனில்லை. விடுவிக்கும் முன் முழு ஆய்வும் படங்களும் முடிய வேண்டும் என்று மனு போடுங்கள். வண்டி வெளியே போன மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் புது லைனிங் ஏறிவிடும்.

சாலையில் நடந்த விபத்தில் சக்கரம் முழுதாகப் பூட்டி இழுத்த தடம் இருந்தால் அதன் நீளத்தை அன்றே அளக்க வேண்டும். சமதளத்தில், 254-ஐ உராய்வு அளவாலும் மீட்டர் நீளத்தாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிலோமீட்டர் வேகம் வரும். காய்ந்த தார்ச் சாலைக்கு உராய்வு 0.7 என்று வைத்தால், 20 மீட்டர் தடத்துக்குக் கிட்டத்தட்ட 60 கி.மீ. பாரமேற்றிய கனரக வண்டிக்கு உராய்வு அளவு குறையும், சரிவுக்கும் ஈரத்துக்கும் மாறும். அதனால் கணக்கை நிபுணர்தான் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். ஆனால் நீளத்தை அளந்து வைக்காவிட்டால் நிபுணருக்கும் வேலை இல்லை.

அழிந்துபோகும் பதிவுகள்

சிறு நிறுவனங்களில் சிசிடிவியின் டி.வி.ஆர். (பதிவுக் கருவி) 7 முதல் 30 நாளில் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். “பதிவைப் பாதுகாக்க வேண்டும்” என்று நிறுவனத்துக்கும் காவல் நிலையத்துக்கும் 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் கேட்டிருந்தால், பிறகு அது அழிந்ததாகச் சொல்லும்போது அந்த அழிவே கேள்விக்குள்ளாகும். எதிர்க்கடை, பெட்ரோல் பங்க், வங்கி வாசல் கேமராக்களையும் விடக்கூடாது. பெரும்பாலான டி.வி.ஆர்-களில் கடிகாரம் தவறாக ஓடும். கைப்பற்றும்போது திரையில் உள்ள நேரத்தையும் செல்போன் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து, எத்தனை நிமிட வித்தியாசம் என்று மகஜரில் எழுதச் சொல்லுங்கள். பதிவோடு பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்று வேண்டும். அதன் ‘அ’ பகுதியில் பதிவைத் தருபவரும், ‘ஆ’ பகுதியில் நிபுணரும் கையெழுத்திட்டு, ஹேஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டை) குறிக்க வேண்டும். இந்தச் சான்று இல்லாமல் எவ்வளவு தெளிவான வீடியோ நகலும் சாட்சியமாகாது.

தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வேன், பஸ் விபத்துகளில் இன்னும் சில உண்டு. ஜி.பி.எஸ். கருவியின் தரவு வண்டியில் இல்லை, அதை விற்ற நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. ஃபாஸ்டேக் பதிவு இரண்டு சுங்கச்சாவடிகளைக் கடந்த நேரத்தைத் தரும். அதுவும் இல்லாவிட்டால் கேட் பதிவேடும் 108 அழைப்பும் போதும். உதாரணத்துக்கு, வேன் ஆலை கேட்டை விட்டது 6.10, முதல் அழைப்பு 6.41, நடுவில் 38 கிலோமீட்டர் என்றால் சராசரியே மணிக்கு 73 கி.மீ-க்கு மேல். வழியில் மூன்று ஊர், இரண்டு நிறுத்தம் இருந்தால் அந்தச் சராசரி தானே பேசும். எஃப்.சி., இன்ஷூரன்ஸ், பெர்மிட் தேதிகளை அரசின் பரிவாஹன் இணையதளத்தில் அன்றே பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பழைய இ-செலான் அபராதங்களும் அங்கே தெரியும். அதிக ஆள் ஏற்றியதற்கு அதே வண்டிக்கு முன்பே இரண்டு முறை அபராதம் விழுந்திருந்தால், “எங்களுக்குத் தெரியாது” என்று உரிமையாளர் சொல்ல முடியாது.

மேலே ஏறும் சங்கிலி

நிறுவனத்தின் மீதே மனிதக்கொலைக் குற்றம் சாட்டும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. இயக்குநர் என்பதாலேயே ஒருவர் எதிரியாக முடியாது, அவருடைய சொந்தப் பங்கு காட்டப்பட வேண்டும் என்று 2015-இல் சுனில் பாரதி மித்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. “நிர்வாகத்தின் கவனக்குறைவால்” என்று மொத்தமாக எழுதிய குற்றப்பத்திரிகைகள் உயர் நீதிமன்றத்தில் ரத்தாவது இதனால்தான். ஒவ்வொருவருக்கும் நான்கு விஷயம் தனித்தனியாக வேண்டும்: அவர் பொறுப்பு என்ன, குறை அவருக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பின் என்ன செய்யாமல் விட்டார், அதனால் மரணம் எப்படி நேர்ந்தது.

பொறுப்புக்கு ஆதாரம் நியமன ஆணையும் போக்குவரத்து ஒப்பந்தமும். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். “டிரைவர், கிளீனர் இருவருடன்” என்று எழுதி, பில்லும் இருவருக்கு வாங்கி, அனுப்பியது ஒருவரை என்றால் அந்த ஒரு பில் பல சாட்சிகளுக்குச் சமம். டிரிப் கணக்கில் காசு, தாமதமானால் பிடித்தம் என்ற விதி இருந்தால் வேகத்துக்கான அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். குறை தெரிந்ததற்கு ஆதாரம் வண்டிக் கோளாறு நோட்டு, ஒர்க்‌ஷாப் பில், வாட்ஸ்அப் குழு. “ஸ்டியரிங் இழுக்குது சார்” என்ற செய்தியின் கீழ் இரண்டு நீல டிக் இருந்தால் அதைப் படித்தவர் யார் என்பதே விசாரணையின் அடுத்த அடி. எத்தனை பேர் ஏறினார்கள் என்பதை அன்றைய வருகைப் பதிவேடு காட்டும்.

குட்டியானை மாதிரியான சரக்கு வண்டியில் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் விபத்துகளில் மேஸ்திரியையும் வண்டிக்காரரையும் தாண்டி யாரும் போவதில்லை. ஆட்களை வரச் சொன்னது தோட்டக்காரரா, ஒப்பந்ததாரரா, வண்டி வாடகை யார் கொடுத்தார் என்பதை முதல் வாரத்திலேயே அடிபட்டவர்களின் வாக்குமூலத்தில் கொண்டுவர வேண்டும். ஜிபே-யில் போன வாடகை நிலைத்த ஆதாரம். இந்த வகையில் குடும்பங்களுக்கு இன்னொரு அடியும் உண்டு. சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பில்லை என்பது ஆஷா ராணி வழக்கிலிருந்து வரும் சட்டம். அந்த வண்டிக்காகவோ அதில் ஏற்றிய சரக்குக்காகவோ வேலைக்கு வந்தவர் என்று நிரூபித்தால் நிலைமை மாறும்.

இறந்தவரே டிரைவராக இருந்தால்

மிகவும் அநியாயமாக முடிவது இந்த வகை. தூக்கக் கலக்கத்தில் லாரியைப் பாலச்சுவரில் மோதி டிரைவர் இறக்கிறார். எஃப்.ஐ.ஆர். அவர் மீதே போடப்படுகிறது. எதிரி இறந்துவிட்டதால் வழக்கு கைவிடப்பட்டது என்று ஒரு மாதத்தில் கோப்பு மூடப்படுகிறது. செத்தவர் குற்றவாளியாகவே பதிவில் நிற்கிறார். மனைவிக்கு அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் விளக்குவதுமில்லை.

இங்கே வேலை நேரம்தான் வழக்கு. 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வு என்று வகுத்தது. கடைசி 7 நாள் டிரிப் ஷீட், டீசல் பில், ஃபாஸ்டேக், சரக்கு ஏற்றி இறக்கிய ரசீதுகளின் நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் மணிவாரியாக எழுதினால், அவர் எப்போது தூங்கியிருக்க முடியும் என்பது வெளிவரும். 24 மணி நேரத்தில் தூங்க இரண்டு மணி நேர இடைவெளிகூட இல்லாத தாள்களை இந்தத் தொழிலில் காணலாம்.

இறந்தவரின் செல்போன் குடும்பத்திடம் இருக்கும் மிகப்பெரிய ஆதாரம். அதை ரீசெட் செய்யவோ விற்கவோ கூடாது. சிம்மை எடுத்து வேறு போனில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். “ரெண்டு நாளா தூங்கல, ஆனா லோடு இன்னைக்கே போகணும்னு நிக்கிறாங்க” என்று மனைவிக்கு அனுப்பிய குரல் பதிவு, மரணத்துக்கு இட்டுச் சென்ற சூழ்நிலை பற்றி இறந்தவர் சொன்ன கூற்றாக சாக்ஷ்ய அதிநியத்தின் 26-ஆம் பிரிவின் கீழ் வர இடமுண்டு. போனை ஒப்படைக்கும்போது கைப்பற்றல் மகஜரில் ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் காலவரம்போடுதான் வைத்திருக்கும், அதைக் கேட்கும் மனுவும் தாமதமாகக் கூடாது.

மற்ற அலுவலகங்களின் கோப்புகள்

போலீஸ் கோப்பு ஒன்று மட்டும் இல்லை. ஆலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் விசாரிக்கும். கல்குவாரி என்றால் சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்குநரகம். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில், ஆய்வாளருக்குத் தெரியவந்த 3 மாதத்துக்குள் அவர் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும், இல்லாவிட்டால் அந்த வழி அடைபடும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 103-ஆம் பிரிவில், கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் குறைந்தது பாதியைப் பாதிக்கப்பட்டவரின் வாரிசுகளுக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம்.

இந்தக் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பலன் தரும் வேலை. ஆய்வாளருக்கு ஒரு கதை, ஈ.எஸ்.ஐ-க்கு ஒரு கதை, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கதை என்று நிறுவனம் எழுதியிருக்கும். சம்பவ நேரம், இடம், இறந்தவரின் வேலை என்ற மூன்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முரண்பாடு அங்கேதான் கிடக்கும். 2025 நவம்பர் 21 வரை நடைமுறையில் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 10-ஏ பிரிவுப்படி மரணம் பற்றி ஆணையர் கேட்டால், 30 நாளுக்குள் முதலாளி சூழ்நிலையை விளக்கி எழுத்தில் தர வேண்டியிருந்தது. அந்தப் பதிலின் சான்றிட்ட நகல் குற்றவியல் வழக்கில் குறுக்கு விசாரணைக்குப் பயன்படும்.

பணமும் சாட்சிகளும்

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஒருவர் வீட்டுக்கு வருவார். கையில் முத்திரைத்தாளும் செக்கும் இருக்கும். 106(1) சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் இல்லை, அதனால் அந்தக் காகிதம் வழக்கை முடிக்காது. ஆனால் “என் கணவரின் கவனக்குறைவால்தான்” என்று ஒரு வரி அதில் இருந்தால் அது வழக்கைக் கொல்லும். அந்தத் தொகை சட்டப்படி இழப்பீடாகவும் கருதப்படாது: மரண வழக்கில் இழப்பீடு ஆணையரிடம்தான் செலுத்தப்பட வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. பணம் வாங்கித்தான் ஆக வேண்டிய நிலையில் குடும்பம் இருந்தால் வாங்கட்டும், அதில் தவறில்லை. ரசீதில் “உதவித் தொகையாகப் பெற்றேன், என் சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்று மட்டும் எழுதி, நகலை வைத்துக்கொள்ளட்டும்.

சக தொழிலாளிகள் பிறழ் சாட்சியாவது பயத்தால். வேலை அங்கேதான், வீட்டு வாடகை அங்கேதான். வெளிமாநிலத் தொழிலாளி என்றால் ஒரு மாதத்தில் வேறு சைட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார். முக்கியமான இரண்டு மூன்று பேரின் வாக்குமூலத்தை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவுப்படி நடுவர் முன்னால் சீக்கிரம் பதிவுசெய்யக் கேட்க வேண்டும். வெளிமாநிலத்தவரின் சொந்த ஊர் முகவரியும், அங்கே உள்ள ஒரு உறவினர் எண்ணும் கோப்பில் இருக்க வேண்டும். இந்தி, ஒடியா பேசுபவரின் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கினால், “எனக்குத் தமிழ் தெரியாது” என்று கூண்டில் சொல்லிவிடுவார். மொழிபெயர்த்தவர் பெயர் அதில் வேண்டும்.

சாட்சி என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித் தரக்கூடாது. எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை விளக்கலாம்: முடிவைச் சொல்லாமல் பார்த்ததைச் சொல்லுங்கள். “அஜாக்கிரதையாக வந்தார்” என்பது முடிவு. “நான் சிமென்ட் மூட்டைப் பக்கம் நின்னேன், ஹாரன் சத்தமோ பீப் சத்தமோ கேக்கல, பின்னால வரட்டும் வரட்டும்னு சொல்ல ஆள் இல்ல, அந்த வண்டில மூணு மாசமா கிளீனர் கிடையாது” என்பது சாட்சியம்.

எஃப்.ஐ.ஆர். போட்ட 90 நாளுக்குள் விசாரணை நிலையைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதே சன்ஹிதாவின் 193(3)-ஆம் பிரிவு. அந்தத் தகவல் வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். வந்த இறுதி அறிக்கையில் டிரைவர் மட்டும் இருந்தால், அது நீதிமன்றத்துக்குப் போன உடனேயே எதிர்ப்பு மனுவும் 193(9)-இன் கீழ் மேல்விசாரணைக் கோரிக்கையும் தாக்கல் செய்யலாம். அதுவும் நடக்காமல் நீதிமன்ற விசாரணை தொடங்கிவிட்டால் இன்னும் ஒரு கதவு இருக்கிறது. சாட்சிக் கூண்டில் ஒரு தொழிலாளி மேலாளரின் பெயரைச் சொல்லி, அவர் என்ன உத்தரவு போட்டார் என்று சொல்லும் நாளில், 358-ஆம் பிரிவுப்படி அவரையும் எதிரியாகச் சேர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்குச் சாதாரணச் சந்தேகத்தைவிட வலுவான சாட்சியம் தேவை. அந்த நாளில் காட்டுவதற்கு வாட்ஸ்அப் செய்தியும், கிளீனர் இல்லாத பில்லும், துருப்பிடித்த ஒயர் முனையின் படமும் உரிய சான்றோடு அரசு வழக்கறிஞரின் கையில் இருக்க வேண்டும்.